வியாழக்கிழமை மேசை

சிலிம் ரிவர் பசார் மாலாமில்
அப்பம் பாலிக் கடைக்கும்
உள்ளாடைக் கடைக்கும் நடுவே
நாலடி மேசை என்னுடையது.
உள்ளங்கையில் அடங்கும் பாட்டுப்பெட்டி
முப்பத்தைந்து வெள்ளி, பேரம் பேசினால் முப்பது.
உத்தரவாதம் உண்டு:
அடுத்த வியாழனும் நான் இங்கேதான் இருப்பேன்.

சந்தனசாமிக்கு ஒற்றைக் காது போதும்.
செம்பனை ஆலையில் இரவுக் காவல்,
மறுகாது மேனேஜரின் காருக்கு.
"ரெண்டு காதுக்கும் பங்கு பிரிச்சுப் பாடுதே தம்பி.
வயலின் எல்லாம் அந்தப் பக்கம் போயிடுது,
நான் தபேலாவோட மட்டும் உக்காந்திருக்கேன்."

ரஃபிக்குலுக்கு வேர்வை தாங்க வேண்டும்.
அண்ணாந்து குலை வெட்டுகிறவன்,
பெட்டி அவன் சட்டைப்பையில்.
ஒரே வாரத்தில் உப்புப் பூத்துத் திரும்பி வந்தது.
ரப்பர் உறை மாட்டிக் கொடுத்தேன்.
இப்போது பொத்தான் அமுங்கவில்லையாம்,
நாள் முழுக்க ஒரே பாட்டு,
அதுவும் அவன் மொழி இல்லை.

தர்ஷினிக்குப் பாட்டுகள் கலைந்து கலைந்து வர வேண்டும்.
அவள் அப்பாவுக்கு வரிசை மாறக்கூடாது:
முதலில் பிள்ளையார், பிறகு முருகன்,
அம்மனைத் தாண்டித்தான் சினிமா.
ஒரே பெட்டியை இருவருக்கும் விற்ற பாவி நான்.
ஒரு வெள்ளிக்கிழமை காலை
சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து
குத்துப்பாட்டு கிளம்பியதாம்.
சண்டை வீட்டில் முடியாமல்
என் மேசை வரை வந்தது.

தூங்கியதும் தானாக நிற்க வேண்டும் என்றார் ஒருவர்.
நின்றால் எனக்கு முழிப்பு வந்துவிடும் என்றார்
அவரோடு வந்த மனைவி.

"எல்லாத்தையும் ஒண்ணுலயே வச்சு வித்துடேன்"
என்றார் கக் சைத்தோன், மலாயில், மாவு ஊற்றியபடி.
ஒரு ராத்திரி உட்கார்ந்து வரைந்தும் பார்த்தேன்.
ரேடியோ, இரண்டு கார்டு, மூன்று நாள் பேட்டரி,
கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்து,
காவல்காரருக்கு ஒற்றைக் காது.
வரைந்து முடித்தபோது
தைப்பூசத்துக்கு வாடகைக்கு எடுக்கும்
ஸ்பீக்கர் லோரி தாளில் நின்றது.
அதையும் ஒருவர் கேட்பார்,
பாக்கெட்டில் அடங்குமா என்று.

போன மாதம் மழை.
என் தார்ப்பாய்க்கடியில் பதினோரு பேர்.
சும்மா நிற்கிறார்களே என்று ஒன்றைப் போட்டுவிட்டேன்.
முதல் பாட்டுக்கு நாலு பேர் தலையாட்டினார்கள்.
அடுத்ததுக்கு வேறு நாலு பேர்.
மூன்றாவதுக்கு எல்லாருமே
மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

குறை சொல்லாதவர் பவுனம்மா ஒருவர்தான்.
மலையோரம் மூன்று ஏக்கர் குத்தகை,
இன்னமும் கித்தா வெட்டுகிறார்.
கரகரக்கும் பெட்டி ஒன்றைப் பாதி விலைக்கு எடுத்தார்.
"பாட்டு யாருக்கு வேணும்?
மண்டையில டார்ச் இருக்கே, அது போதும்."
வருகிற போகிறவர்களிடமெல்லாம்
அவரைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து அவரும் வந்தார்.
"லைட்டைத் தட்டினா பாட்டும் சேந்து வருதுப்பா.
நாலு மணி இருட்டு.
காட்டுப்பன்னி வந்தா காதுல விழ வேணாமா?"
ஸ்பீக்கர் ஒயரை அங்கேயே வெட்டினேன்.
காசு வாங்கவில்லை.
மங்குஸ்தீன் ஒரு கை வைத்துவிட்டுப் போனார்.

நேற்று,
உள்ளாடைக்காரர் ஹேங்கர்களை இறக்கும் நேரம்,
பெட்டியை மேசைமேல் வைத்தார்.
டார்ச் எரிந்தது. நன்றாகத்தான் எரிந்தது.
"பன்னி சத்தம் கேக்குது தம்பி" என்றார்.
"பன்னி இல்லாதப்பவும் கேக்குது."
கொஞ்சம் பொறுத்து,
"மெதுவா பாடினா பரவால்ல. விடியிற வரைக்கும்."

திருகாணிகளைக் கழற்றினேன்.
அந்த டார்ச் ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டும்,
தன் வயிற்றுக்குக் காட்டாது.
கக் சைத்தோன் கைப்பேசியை நீட்டிப் பிடிக்க
வெட்டிய ஒயரின் இரண்டு முனைகளையும்
தேடிக்கொண்டிருந்தேன்.
"எந்தப் பாட்டு வேணும்க்கா?" என்று
கேட்காமல் இருந்திருக்கலாம்.